ஏழாம் துளையின் தங்கம்

ஒன்பதாம் துளை முன்னூற்றுத் தொண்ணூறு மீட்டரில் இருந்தபோது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நானூற்று இருபதில் நிறுத்திக்கொள்ளுங்கள், பொறியைக் கழற்றுங்கள், முகாமைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள் என்று எழுதியிருந்தது. யாருக்கும் அதிர்ச்சியில்லை. நான்கு மாதமாக வெள்ளைக் கழுதை மேட்டைத் துளைத்துக்கொண்டிருந்தோம். செம்பு என்று சொல்ல அங்கங்கே கொஞ்சம் பச்சைக் கறை. வெள்ளி இல்லை. தங்கத்தின் பேச்சே இல்லை. கடிதத்தைச் சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்கள். அதன் கீழே வரிசையில் நின்று பீன்ஸ் குழம்பை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம்.

என் பெயர் நிபால்டோ. ஊர் கொம்பார்பாலா. துளைப்பொறி ஓட்டுவது தொழில். முகாமில் எல்லோரும் மாஸ்ட்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள். கைத்தொழிலில் பழுத்தவனுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். இருபத்தேழு வருடமாக அத்தகாமாப் பாலைவனத்தில் நான் துளைக்காத மேடு குறைவு. அதில் ஒன்றுகூட இதுவரை சுரங்கமாகவில்லை. ஆயிரம் இடம் துளைத்தால் ஒரு இடம் சுரங்கமாகும் என்று சொல்வார்கள். மிச்சத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் என் பங்குக்கு வந்தவை என்று நினைத்துக்கொள்வேன்.

வேலை எளிதாகச் சொல்லக்கூடியதுதான். மூன்று மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கி, நுனியில் வைரத்துகள் பதித்த பல்லை வைத்து, சுழற்றிச் சுழற்றி இறக்க வேண்டும். குழாயின் வயிற்றுக்குள் பாறை உருளையாக ஏறி நிற்கும். அதைத் தண்டு என்போம். மேலே எடுத்து, ஆழம் எழுதி, பெட்டியில் அடுக்கி, வெட்டும் கொட்டகைக்கு அனுப்புவோம். அங்கே தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பையில் கட்டி அந்தோபகாஸ்தா நகரத்துச் சோதனைக்கூடத்துக்குப் போகும். மறு பாதி பெட்டியிலேயே இருக்கும், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள.

வெட்டும் கொட்டகை எர்மிந்தாவுடையது. நாற்பத்தேழு வயது, இன்கா தே ஓரோ ஊர்க்காரி. அவள் கணவன் ரோசமேல் சொந்தமாக ஒரு சின்னக் குழி வைத்து, உளியும் சுத்தியலுமாகத் தங்கம் தேடியவன். ஒன்பது வருடத்துக்கு முன் குழியின் கூரை அவன்மேல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் இந்த ரம்பத்துக்கு வந்தாள். ரம்பம் சூடாகாமல் இருக்க மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் அந்தத் தண்ணீர் காலையில் எப்படி இருக்கும் என்று தொட்டவனுக்குத்தான் தெரியும். வருடக்கணக்கில் அதில் நனைந்து அவள் விரல் மூட்டுகள் இஞ்சி மாதிரி புடைத்துக் கிடந்தன.

அந்தப் புடைத்த மூட்டுக்குக் கீழேதான் மோதிரம். ரோசமேல் தன் குழியிலிருந்து தானே எடுத்த தங்கத்தில் செய்து போட்டது. கொட்டகை வாசலில் ஒரு பலகை உண்டு: மோதிரம், சங்கிலி, கடிகாரம் எதுவும் உள்ளே கூடாது. பாறையில் தங்கம் தேடுகிற இடத்தில் கையில் தங்கம் இருந்தால் சோதனை கெட்டுப்போகும். முதல் நாள் எங்கள் ஜியாலஜிஸ்ட் அபெலார்டோ, மரியாதைக்கு டோன் அபெலார்டோ என்போம், மோதிரத்தைப் பற்றிக் கேட்டார். பெட்டி இறக்கிக்கொண்டு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"கழட்ட வராதாம்மா?"

"சோப்பு போட்டுப் பாத்துட்டேன், எண்ணெயும் போட்டுப் பாத்துட்டேன். இடுக்கி வச்சு வெட்டுனாத்தான் வரும்."

"வெட்டிடலாமா?"

அவள் தன் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். அவர் தரையைப் பார்த்தார்.

"சரி. டேப்ப நாலு சுத்து சுத்திக்குங்க. அதுக்கு மேல ரப்பர் கிளவுஸ். கிளவுஸ் இல்லாம ரம்பத்துகிட்ட போகக்கூடாது, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது, டோன் அபெலார்டோ."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

டோன் அபெலார்டோவுக்கு அறுபத்து நான்கு வயது. டிசம்பரில் ஓய்வு. அவரும் என்னைப் போலத்தான். முப்பத்தைந்து வருடம் தேடி ஒரு சுரங்கமும் காணாதவர். தண்டு மேலே வந்தவுடன் கையில் எடுத்து நக்கிப் பார்ப்பார். ஈரமானால்தான் கல்லின் நிறம் தெரியும் என்பது அவர் கட்சி. தண்ணீர் லாரி ஓட்டும் கொக்கு, ஆள் ஒல்லியாக நெட்டையாக இருப்பான், அதனால் அந்தப் பெயர், அவன் இதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவான்.

"உப்புப் போதுமா, டோன் அபெலார்டோ?"

"கொஞ்சம் தூக்கல். நேத்து நீ கொண்டுவந்த தண்ணியிலதான் சூப்பு வச்சாங்களா?"

இப்படிப் போகும். நாள் முழுக்கக் காற்று அடிக்கிற இடத்தில் இந்த மாதிரி இரண்டு பேச்சுத்தான் மனிதனை நிற்கவைக்கும்.

ஆகஸ்டில் ஏழாம் துளையின் தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், ரம்பச் சத்தம் திடீரென்று நின்றது. நாள் முழுக்கக் காதில் இருக்கிற சத்தம் நின்றால் எல்லோரும் தலையைத் திருப்புவோம். எர்மிந்தா கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ரம்பம் கிளவுஸைக் கவ்வி இழுத்துவிட்டது, கீறல்தான் என்றாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்து எடுத்துக் கொடுத்தேன். கட்டு அவளே போட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்தில் ரம்பம் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் மறந்துவிட்டேன்.

மூடச் சொல்லிக் கடிதம் வந்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு வேளையில் டோன் அபெலார்டோ தொப்பி இல்லாமல் கொட்டகைக்குள் வந்தார். அந்த வெயிலில் தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. கையில் ஒரு தாள்.

"ஏழாவது துளைக்கு ரிசல்ட் வந்திருக்கு," என்றார். "இருநூத்திப் பன்னெண்டுலேருந்து இருநூத்திப் பதிமூணு. ஒரு மீட்டர். டன்னுக்கு ஆறு கிராம் தங்கம்."

கொக்குதான் வாயில் ரொட்டியோடு கேட்டான்.

"ஆறா? புள்ளி எங்க வச்சிருக்கான்னு நல்லாப் பாத்தீங்களா?"

"ஏழு தடவ பாத்துட்டேன்டா."

அப்போதுதான் சிரித்தார்கள். யாரோ மேசையைத் தட்டினார்கள். சமையல்காரர் உள்ளே போய், கடைசி நாளுக்கென்று வைத்திருந்த பீச் பழ டின்களை எடுத்துவந்து திறந்தார். அந்த ஒரு மீட்டரில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடியது தனக்கு நினைவிருக்கிறது என்று டோன் அபெலார்டோ சொன்னார். அன்றைக்கே அதைக் குறித்துவைத்தேன், ஆனால் நம்பவில்லை என்றார். ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னார்.

மாலைக்குள் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. முகாமை மூட வேண்டாம். ஏழாம் துளைக்கு அறுபது மீட்டர் தள்ளிப் பத்தாம் துளை போடுங்கள். இன்னும் ஆறு வாரம். அதோடு, பெட்டியில் இருக்கிற மறு பாதியிலிருந்து ஒரு கால் பாகத்தை வெட்டி மறுசோதனைக்கு அனுப்புங்கள். சுவரிலிருந்த பழைய கடிதத்தைக் கொக்கு கிழித்து எடுத்தான்.

எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆறு வாரம் தள்ளிப்போகிறது என்ற நிம்மதிதான். ஐம்பத்து நான்கு வயதில் முதுகு வளைந்துவிட்டது. டிசம்பரில் உயரத்து வேலைக்கான மருத்துவப் பரிசோதனை. போன தடவையே டாக்டர் என் ஈ.சி.ஜி.யை இரண்டு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். இந்த முறை போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்த மேடு சுரங்கமாக மாறினால், கீழே பட்டறையில், சேமிப்பறையில், ஏதாவது ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைப்பார்கள். டோன் அபெலார்டோ அப்படித்தான் சொன்னார். "மாஸ்ட்ரோ, உங்கள விடமாட்டேன்," என்றார். எனக்கு அவரை நம்பத் தோன்றியது.

மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போல் எர்மிந்தாவின் கொட்டகைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். அந்த நேரத்தில் காற்று உச்சத்தில் இருக்கும்; அவள் கொட்டகைக்குப் பின்புறம் மட்டும்தான் மறைப்பு. அவள் கெட்டிலை வைத்திருந்தாள், ஆனால் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மேசைமேல் ஏழாம் துளையின் பெட்டி திறந்து கிடந்தது.

"என்ன, டீ கிடையாதா? தங்கம் வந்ததும் ராணியம்மா ஆயிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. இடது கையிலிருந்து கிளவுஸைக் கழற்றினாள். டேப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். மோதிரத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். குறுக்கே ஒரு வெட்டு. ரம்பத்தின் கனத்துக்குச் சரியான வெட்டு. வளையத்தில் பாதி ஆழம் போயிருந்தது.

"அன்னிக்கு கிளவுஸ் மாட்டிச்சே, மாஸ்ட்ரோ. இது மட்டும் இல்லாட்டி விரலே போயிருக்கும்."

"சரி."

"என்ன சரி? எந்த மீட்டர வெட்டிக்கிட்டு இருந்தேன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை. அவள் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தாள். தேதி, பெட்டி எண், ஆழம். இருநூற்றுப் பன்னிரண்டு என்ற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு; பக்கத்தில் 'நிறுத்தம், அரை மணி'.

நான் ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். சோதனையைக் கெடுக்கத் தங்கத்தூள் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் போதும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தானே அந்தப் பலகை.

"உறுதியாச் சொல்ல முடியாது," என்றேன். "கல்லுலயே இருந்திருக்கலாம். அந்தத் துருக்கோடு இருக்கில்ல?"

"இருக்கு. பக்கத்து மீட்டர்லயும் அதே கோடு இருக்கு. அதுல ஒண்ணும் வரல."

"அப்ப மறுசோதனைல தெரிஞ்சுடும். நீ ஏன் வாயத் தொறக்கணும்? மூணு வாரத்துல காகிதமே சொல்லிடும். தங்கம் ஒரு இடத்துல இருக்கும், ஒரு இடத்துல இருக்காது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உன்னை யாரும் ஒரு வார்த்த கேக்கமாட்டாங்க."

"மூணு வாரத்துல நீங்க பத்தாவது துளைல பாதி போயிருப்பீங்க."

"போனா என்ன? துளைக்கிறதுதானே என் வேல. நாங்க இதுவரைக்கும் துளைச்சது மட்டும் எதுக்குன்னு நினைக்கிற?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். "காலைல டோன் அபெலார்டோ வந்தாரு. இந்தத் தண்டத் தொட்டுக்கிட்டே நின்னாரு. அவரோட சம்சாரத்துக்குப் போன் பண்ணிட்டாராம், டிசம்பர்ல வரலன்னு. கம்பெனிகிட்ட இன்னும் ஒரு வருஷம் கேட்டிருக்காராம். கால் பாகத்த நீங்களே உங்க கையால வெட்டுங்கம்மான்னு சொல்லிட்டுப் போனாரு. வேற யாரும் தொட வேண்டாமாம்."

காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அப்போது நான் ஒன்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் என் ஞாபகம்.

"உன் கையாலதானே வெட்டச் சொன்னாரு? இன்னொரு தடவ கிளவுஸ் ரம்பத்துல மாட்டிக்கிட்டா முடிஞ்சுது."

எர்மிந்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. வெகுநேரம் வேலை செய்துவிட்டு இன்னும் ஒரு பெட்டி பாக்கி என்று தெரிந்தால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். இருவரும் தேநீர் குடித்தோம். போகும்போது கோப்பையைக் கழுவி வைத்தேன். வழக்கமாக நான் கழுவுவதில்லை.

மறுநாள் காலை அன்றாட அறிக்கையில் கையெழுத்துப் போட டோன் அபெலார்டோவின் அறைக்குப் போனேன். அவர் சுவரில் பத்தாம் துளையின் படத்தைப் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே புல்டோசர் அதற்கான இடத்தைச் சமன்செய்யும் சத்தம் கேட்டது. நான் பேனாவை எடுத்தபோது எர்மிந்தா உள்ளே வந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். என்னை அங்கே பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு என்னை நாற்காலி மாதிரி, மேசை மாதிரி பாவித்து நேராக அவரிடம் போனாள்.

"டோன் அபெலார்டோ, உக்காருங்க."

"என்னம்மா, கால் பாகம் வெட்டியாச்சா?"

"உக்காருங்க, சொல்றேன்."

இடது கையை மேசைமேல், அவருடைய தாள்களுக்கு நடுவில் வைத்தாள். சொல்ல வேண்டியதை நாலு வாக்கியத்தில் சொன்னாள். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி தொங்கும், கல் பார்க்க. அதை எடுத்துக் கண்ணில் வைத்துக் குனிந்து மோதிரத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய வழுக்கைத் தலையில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அவர் முகம் தெரியாததால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வலிச்சுதா?" என்று கேட்டார், நிமிராமல்.

"அன்னிக்கா? இல்ல. பயமாத்தான் இருந்துச்சு."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"வேலைய விட்டு அனுப்பிடுவீங்கன்னு. கல்லுல பட்டிருக்கும்னு தோணல. தோணுச்சு, ஆனா... அதுவரைக்கும் ஆறு துளைலயும் ஒண்ணுமே இல்லையே, இதுல மட்டும் யாரு பாக்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "டேப்பு சுத்திக்கங்கன்னு சொன்னது நான்," என்றார். "வெட்டி எடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. மாஸ்ட்ரோவும் அன்னிக்கு அங்கதான் இருந்தாரு. இல்லையா, மாஸ்ட்ரோ?"

"இருந்தேன்," என்றேன்.

"புல்டோசர நிறுத்தச் சொல்லுங்க."

நான் போய் நிறுத்தச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் அறையில் இல்லை. மேட்டின் உச்சியில், சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று, போனைக் காதில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் காதில் வைத்தார்.

மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கம்பெனி பழைய கடிதத்துக்கே திரும்பியது: நானூற்று இருபதில் நிறுத்து, இறங்கு. டோன் அபெலார்டோ எழுதிய அறிக்கையில் முதல் வரியே, விதியைத் தளர்த்தியவன் நான், என்று இருந்ததாம். அதைப் படித்துவிட்டு நகரத்திலிருந்து யாரோ, வெட்டுகிறவளை நாளைக்கே அனுப்பிவிடு, உன் விஷயத்தைப் பிறகு பேசலாம் என்று சொன்னார்களாம்.

சாப்பாட்டுக் கொட்டகைக்கு எர்மிந்தா எப்போதும் வருகிற நேரத்துக்கு வந்தாள். தட்டில் சூப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மூலை மேசையில் உட்கார்ந்தாள். அந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. கொக்கு சத்தமாகச் சொன்னான்.

"ஆறு வாரம்யா. ஆறு வாரம். என் சம்சாரம்கிட்ட சொல்லிட்டேன். இப்ப என்னத்தச் சொல்ல? ஒரு பொம்பள மோதிரத்த அறுத்துக் கல்லுல தடவிட்டான்னா?"

ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் அவனை அடக்கவும் இல்லை. எர்மிந்தா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"கிறிஸ்தோபால்," என்றாள். அவனுடைய நிஜப் பெயர் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். "உன் சம்சாரம்கிட்ட நானே போன்ல சொல்றேன். நம்பர் குடு."

அவன் குனிந்து சூப்பைக் குடித்தான்.

நான் அவள் மேசைக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு, பொறியைப் பார்க்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டே தின்றேன். மணல் பறந்து வந்து சூப்பில் விழுந்தது.

அன்று பிற்பகல் ரம்பச் சத்தம் மறுபடி கேட்டது. ஒருவரும் சொல்லாமலே அவள் அந்தக் கால் பாகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை டோன் அபெலார்டோ பக்கத்தில் நின்றிருந்தார். மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் தண்டைத் தள்ளினாள். மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். பையைக் கட்டி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் அவளைக் கீழே கொண்டுபோய் விட ஆள் கேட்டார்கள். நான் போகிறேன் என்றேன். என் முறை இல்லை. இருந்தாலும் யாரும் மறுக்கவில்லை. அவள் பை ஒன்று, கெட்டில் ஒன்று. வண்டி கிளம்பும்போது டோன் அபெலார்டோ வந்து ஜன்னலில் கையை வைத்தார். "தண்ணி எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

உப்புப் படுகையைத் தாண்டி, சாலை ஓரத்தில் செத்தவர்களுக்கு வைத்த சின்னக் கோயில்கள் வர ஆரம்பித்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"எர்மிந்தா."

"சொல்லுங்க."

"அன்னிக்கு டீ குடிக்கறப்ப நான் சொன்னது வெளையாட்டுக்கில்ல."

"தெரியும், மாஸ்ட்ரோ."

"வெளையாட்டு மாதிரி சொன்னேன். நீ சரின்னு சொல்லியிருந்தா நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருப்பேன், யாரும் வராம."

"நீங்க சொல்றதுக்கு முந்தியே நான் அத யோசிச்சாச்சு," என்றாள். "காலைல அவரு போனதுமே. கிளவுஸக் கழட்டி, டேப்பக் கழட்டி, ரம்பத்துகிட்ட கையைக் கொண்டுபோயிட்டேன். தண்ணியத் தொறந்துட்டேன். ஸ்விட்ச் மட்டும் போடல."

"ஏன் போடல?"

"அந்தக் கால் பாகத்த அனுப்பி, அதுலயும் ஆறு வந்தா, அப்புறம் அடுத்த துளை. அதுல ஒண்ணும் வராது. அதுக்கும் நான்தானே மோதிரத்த வெட்டணும். அதுக்கு அடுத்ததுக்கும்." நிறுத்தினாள். "அசதியா இருந்துச்சு, மாஸ்ட்ரோ. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல. நான் நல்லவள்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்."

"நான் சொல்லமாட்டேன்."

"நீங்க எங்க சொல்லப்போறீங்க."

அப்போதுதான் இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

இன்கா தே ஓரோவில் அவள் வீடு தகரக் கூரை போட்டது. வாசலில், மிளகு போலச் சிவப்புக் காய் காய்க்கும் எங்கள் பக்கத்து மரம் ஒன்று, அதற்கு ஊற்றுவதற்குத் தனியாக ஒரு வாளி. உள்ளே வரச் சொன்னாள். போன விடுப்புக்குப் பிறகு மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் என்ன இருக்கும், அவரைக்காய் டின் ஒன்றும் வெங்காயமும் இருந்தன. பக்கத்து வீட்டில் போய் இரண்டு முட்டையும் ரொட்டியும் வாங்கி வந்தாள். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். எழுந்தபோது மணி மூன்று. என் காலணியைக் கழற்றி வாசலில் வைத்து, உள்ளே இருந்த மணலைக் கொட்டியிருந்தாள். அவள் முன் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"போங்க, மாஸ்ட்ரோ. காத்து கிளம்பிடும்."

மேலே திரும்பியதும் ஒன்பதாம் துளையை முடித்தோம். நானூற்று இருபது மீட்டர் என்றால் நூற்று நாற்பது குழாய். ஒவ்வொன்றாக இழுத்து, மறை கழற்றி, துடைத்து, அடுக்க வேண்டும். ஒன்றரை நாள் ஆயிற்று. கொக்கு தண்ணீர் ஊற்றும் வேலை இல்லாததால் வந்து குழாய் பிடித்தான். ஐம்பதாவது குழாயிலோ அறுபதாவதிலோ, "அந்தம்மா போன் பண்ணிச்சு," என்றான். "நிஜமாவே பண்ணிச்சு. என் சம்சாரம் அவங்களோட அரை மணி நேரம் பேசுனாளாம். எங்கிட்டகூட அவ்வளவு நேரம் பேசமாட்டா."

கால் பாகத்தின் முடிவு நாங்கள் இறங்கி இரண்டு வாரம் கழித்து வந்தது. ஒன்றுமில்லை. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம், அதற்குப் பிறகு ஒரு இரண்டு. டோன் அபெலார்டோ எனக்கு அதைப் போனில் படித்துக் காட்டினார். அவருக்கு வர வேண்டிய பாராட்டுக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கண்டனக் கடிதம் வந்திருந்தது. அதையும் படித்தார். நடுவில் எழுத்துப் பிழை ஒன்று இருக்கிறது என்றார். டிசம்பரில் அவர் முதலில் சொன்ன தேதிக்கே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் என் தாளில் கையெழுத்துப் போடவில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று எழுதினார். வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜனவரியில் ஒரு நாள் எர்மிந்தாவிடமிருந்து போன். கோப்பியாப்போ பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் பெட்டி அடுக்கும் இடத்தில் சேர்ந்திருக்கிறாளாம்.

"டிராக்டர் ஓட்ட ஆள் கேக்குறாங்க, மாஸ்ட்ரோ. உங்களச் சொல்லியிருக்கேன்."

"என் வயச சொன்னியா?"

"மேஸ்திரி வயசக் கேக்கல. ஓட்டத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்னுட்டேன்."

"முதுகு?"

"சீட்டுல மெத்த இருக்கு. நான் உக்காந்து பாத்துட்டேன்."

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். மார்ச் கடைசி வரை திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். நாளுக்கு நாற்பது நடை. எல்லாம் சமதரை.